மட்கார்டில் இரண்டு தட்டு

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முன் டயரின் ஓரத்தில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே போகிறார். டயரின் தோள்பட்டை என்று அவர் சொல்லும் அந்த வளைவு முழுக்க வெள்ளையாகிறது. சாக்பீஸ் தேய்ந்து விரல் நகத்தைத் தொட்டதும் மிச்சத்தைக் காதில் செருகிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுக்கிறார். காதில் ஏற்கெனவே ஒரு துண்டு இருப்பது அவருக்கு நினைவில்லை. இப்போது செருகியது பழையதைத் தள்ள, பழையது சட்டைக் காலருக்குள் விழுந்து எங்கோ போகிறது.

"ஏத்துங்க" என்கிறார் நிமிராமலே. "மெதுவா. மெதுவான்னா எப்படி? தூங்கற குழந்தையைத் தாண்டிப் போற மாதிரி மெதுவா."

ஏற வேண்டியது மலை. மலை என்றால் மலை இல்லை. பட்டறை முற்றத்தில் அவரே சிமென்ட் குழைத்து வார்த்த ஒரு சரிவு. இடுப்பு உயரம் இருந்தால் அதிகம். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் அதன்மேல் ஏறும், மறுபக்கம் தரையிலேயே நிற்கும். ஏறிய சக்கரம் ஸ்பிரிங்கை நசுக்கிக்கொண்டு மட்கார்டுக்குள் புகும்போது ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்வார். பிறகு இறக்கி, ரிவர்ஸில் ஏற்றச் சொல்வார். கடைசியில் டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் போய்விடுவார். மட்கார்டின் கறுத்த உட்புறத்தில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ, அங்கேதான் டயர் உரசுகிறது. அந்த வெள்ளையைக் கண்டதும் அடியிலிருந்து "ஆங்" என்று ஒரு குரல் வரும். தலைவலிக்காரருக்குச் சரியான இடத்தில் அமுக்கினால் வருமே, அந்தக் குரல்.

பட்டறையின் பெயர்ப்பலகையில் வேறு என்னவோ எழுதியிருக்கிறது. அவரை எல்லோரும் கூப்பிடுவது சாக்பீஸ் என்றுதான். சின்னவர்களுக்கு சாக்பீஸ் அண்ணன். கடிதமே அந்தப் பெயருக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

காடு மேடு ஏறும் ஜீப் வாங்குகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வண்டி வந்த புதிதில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து, கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த டயர் சின்னதாகத் தெரிய ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டு ஜீப்பின் டயர் பெரிதாகத் தெரியும். பெரிய டயரை வாங்கி மாட்டி, தள்ளி நின்று பார்த்து, புகைப்படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியான பிறகு முதல் திருப்பத்தில் 'கர்ர்' என்று கேட்கும். எனக்கு இந்த வியாதி மச்சினன் மூலமாக வந்தது. "மாமா, உங்க உயரத்துக்கு இந்த டயர் எடுபடலை" என்றான். என் உயரத்துக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால்தான் சாக்பீஸின் முற்றத்தில் போய் நின்றேன்.

போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சத்தம் எப்படி?"

"உரசற சத்தம்."

"அது தெரியுது சார். வாயால போட்டுக் காட்டுங்க."

நான் தயங்கினேன். முற்றத்தில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அவர் விடுவதாக இல்லை. "கூச்சப்படாதீங்க. போன வாரம் ஒரு ஹெட்மாஸ்டர் வந்தாரு, எவ்வளவு அழகா போட்டாரு தெரியுமா? கண்ணை மூடிக்கிட்டு கேட்டா டயரேதான்." நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு 'கர்ர்' என்றேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இன்னும் கொஞ்சம் இழுங்க." இழுத்தேன். "சரி, பிளாஸ்டிக்தான். 'கிர்ச்'சுன்னா தகரம். 'டொம்'முன்னா மேல இடிக்குது. உங்களுக்கு மட்கார்டோட உள் தட்டிதான் உரசுது, அவ்வளவுதான், பயப்படாதீங்க." வயிற்றுவலிக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் தோரணை.

அவரிடம் காத்திருப்பவர்களுக்கு நாற்காலி கிடையாது. ஒரே ஒரு முக்காலி உண்டு, அதில் அவர்தான் உட்காருவார். மற்றவர்கள் உட்கார வேண்டியது அடுத்தவர் வண்டிக்குள். காலி வண்டியைச் சோதித்து ஒரு பயனும் இல்லை, வீட்டு ஜனம் மொத்தமும் ஏறி உட்கார்ந்தால்தான் ஸ்பிரிங் உண்மையைச் சொல்லும் என்பது அவர் கட்சி. அதனால் வந்தவர்களை எல்லாம் எடைக்கல்லாக்கிவிடுவார். "ஓனர் வீட்டுல எத்தனை பேரு? மாமியார் கூட வருவாங்களா? எப்படி, நல்ல உடம்பா?" என்று விசாரித்து, அதற்கேற்ப எங்களைப் பொறுக்கி ஏற்றுவார். முகம் தெரியாத ஒருவருடைய மாமியாராக நான் அன்றைக்கு ஒரு ஜீப்பின் பின் ஸீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கிடைத்த பாராட்டு, "சார் அசையாம உக்கார்றாரு பாருங்க, அதுதான் வேணும்."

வெட்டுவது அவருக்குப் பிடிக்காது. முச்சந்தியில் இன்னொரு பட்டறை இருக்கிறது. அங்கே வண்டி உள்ளே நுழைந்ததும் கட்டிங் மிஷினை எடுத்து, உரசும் மட்கார்டை அரிந்து எறிந்துவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். சாக்பீஸ் அதைக் கசாப்புக் கடை என்பார். இவர் முதலில் ஸ்டீயரிங் முட்டும் போல்ட்டில் வாஷர் கொடுத்துப் பார்ப்பார். சக்கரம் ஒரு நூல் குறைவாகத் திரும்பும். போதவில்லை என்றால் பிளாஸ்டிக் தட்டியைச் சூடு காட்டி உள்பக்கமாக வளைப்பார். தகரம் இரண்டாக மடிந்து நிற்கும் விளிம்பைச் சுத்தியலால் தட்டிப் படுக்க வைப்பார். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்பிரிங்குக்கு மேலே ரப்பர் கட்டை. அத்தனையும் பார்த்து வேறு வழியே இல்லை என்றால் வெட்டுவார், வெட்டும்போது உம்மென்று இருப்பார். அன்றைக்குப் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

வேலை முடிந்ததற்கு அவரிடம் ஒரு அடையாளம் உண்டு. துணியால் கையைத் துடைத்து, முன் மட்கார்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. 'முடிஞ்சுது' என்று வாயால் சொல்ல மாட்டார். இரண்டு தட்டு விழுந்தால் கிளம்பிவிடலாம், இனி உரசாது. விழாவிட்டால் என்னதான் கேட்டாலும் "இருங்க" என்பதுதான் பதில். ஒருவர் அவசரத்தில் தட்டு விழுவதற்குள் எடுத்துக்கொண்டு போய், தெருக்கோடியிலேயே 'கிர்ச்' கேட்டுத் திரும்பி வந்த கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். கதையில் அந்த மனிதரின் முகம் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சிறுத்துக்கொண்டே வரும்.

இவ்வளவும் செய்கிறவர், மலை ஏறியதில்லை. நான் சொல்வது நிஜமான மலையை. அது பட்டறைக்குப் பின்னாலேயே எழுந்து நிற்கிறது. உச்சியில் சிக்னல் டவர். டவருக்குப் போகும் மண்பாதை ஏழெட்டு வளைவு எடுத்துக்கொண்டு ஏறுகிறது. அதில் பெரிய வளைவு ஒன்று முற்றத்துக்கு நேர் மேலே, போகிறவர் சட்டை என்ன நிறம் என்று தெரிகிற தூரத்தில் வெளிப்பட்டு மறைகிறது. இவர் கைபட்ட ஜீப்புகள் அதில் சர்வ சாதாரணமாக ஏறி இறங்குகின்றன. இவர் சைக்கிளில் போகிறவர். அதிலும் பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்.

"உயரம்னா எனக்கு ஆகாது சார்" என்று அவரே சொல்வார், வெட்கமெல்லாம் இல்லை. "மாடியில துணி காயுதுன்னா அது மழையில நனையட்டும்னு விட்டுடுவேன். வீட்டுல பல்ப் மாத்தறது அவதான். நான் கீழ நின்னு ஸ்டூலைப் பிடிச்சுப்பேன். அதுக்கே எனக்கு உள்ளங்கால் கூசும்."

முக்காலியையும் மலைக்கு முதுகு காட்டித்தான் போட்டிருக்கிறார். அந்த வழியாகப் போகும் வண்டியைத் திரும்பிப் பார்க்க மாட்டார். சத்தத்தை வைத்தே இது யார் வண்டி, எந்த கியர், இன்னும் எத்தனை வளைவு என்று சொல்லிவிடுவார். பயத்திலிருந்து இப்படி ஒரு திறமை அமைந்துபோனது அவருக்குப் பெருமை. சரியாகச் சொல்லிவிட்டால் எங்களை ஒரு சுற்று பார்ப்பார்.

அவர் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் உயரம் மட்டும் இல்லை என்பதை அவர் மனைவியைப் பார்த்த பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்த அம்மாள்தான் டவருக்கு ஜீப் ஓட்டுகிறார். டவரில் வேலை பார்ப்பவர்களைக் காலையில் கொண்டுபோய் விடுவதும், சாயங்காலம் இறக்குவதும், இடையில் டீசல் கேன்களை ஏற்றுவதும் அவர் பொறுப்பு. ஊரில் டவர் அக்கா என்பார்கள். மெலிந்த உடம்பு. ஸீட்டில் கனமான திண்டு ஒன்றைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுவார். எங்கே நிறுத்தினாலும் கதவுப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து டேஷ்போர்டைத் துடைப்பார். அதிகம் பேசுவதில்லை, பேசினால் திருப்பிப் பதில் சொல்ல முடியாதபடி பேசுவார். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. சமையலறை ஜன்னல் முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். அதன் வழியாகத் தட்டில் சாப்பாடும் அவ்வப்போது ஒரு வார்த்தையும் வந்து விழும்.

அந்த ஜீப்புக்கு மட்டும் சாக்பீஸ் இரண்டு தட்டு தட்டியதே இல்லை. தினம் காலையில் சாக்பீஸ் போட்டு, சிமென்ட் மலையில் ஏற்றி, அடியில் புகுந்து பார்த்துத்தான் அனுப்புவார். வெள்ளை ஒட்டியிருக்காது. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டே முக்காலிக்குப் போய்விடுவார்.

"ஊரான் வண்டிக்கெல்லாம் ரெண்டு தட்டு. எனக்கு ஒண்ணாவது உண்டா?" என்று அம்மாள் ஒரு தடவை என்னிடமே கேட்டார், அவர் காதில் விழும்படி.

"அது முடியற வேலை இல்லைம்மா. தினம் ஏறுற வண்டி" என்றார் சாக்பீஸ், எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு.

அவர் என் ஜீப்பின் தட்டியை வளைத்துக்கொண்டிருந்த ஒரு நாள். மத்தியானம் தாண்டி, டீசல் இறக்கிவிட்டு வந்த அம்மாள் முற்றத்தில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. டேஷ்போர்டைத் துடைக்கவும் இல்லை.

"என்னங்க, இன்னிக்கும் வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"அந்தச் சத்தம். பெரிய வளைவுல இறங்கறப்ப, பிரேக்கை மிதிச்சதும்."

சாக்பீஸ் சிரித்தார். "பிரேக் வேற, டயர் வேற. காலையிலதானே மலையில ஏத்திப் பார்த்தேன்? ஒரு பொட்டு வெள்ளை இல்லை."

"உங்க மலையில இல்லை. என் மலையில இருக்கு."

"சரி, சத்தத்தைப் போட்டுக் காட்டு."

"எத்தனை தடவை போடறது? ஸ்ஸ்ச்க்."

"ஸ்ஸ்ச்கா? அப்படி ஒரு சத்தமே டயர்ல கிடையாதும்மா" என்றார் அவர். எங்களைப் பார்த்து, இதைக் கேட்டீர்களா என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். ஹெட்மாஸ்டர் போட்ட சத்தத்துக்கு உட்கார்ந்து தாளம் போட்டவர், வீட்டுக்காரி போட்ட சத்தத்துக்குத் தேர்வு வைத்து ஃபெயில் போட்டுவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் என் ஜீப் அவர் கையில் பாதி வளைந்த நிலையில் இருந்ததால் சும்மா இருந்தேன்.

அம்மாள் கோபப்படவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். "இங்க பாருங்க. சாயங்காலம் மேலேருந்து ரெண்டு பேரை இறக்கணும். ஊர் வண்டி சத்தமெல்லாம் உங்க காதுல விழுது, என் வண்டிச் சத்தம் மட்டும் விழலை. இறக்கி விட்டுட்டு நேரா முச்சந்திக் கடைக்குப் போறேன்."

 ஸ்பேனர் வைத்திருந்த ஒருவர் அதைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

"அவன் வெட்டிடுவான்" என்றார் சாக்பீஸ்.

"வெட்டட்டும்."

அவர் என்னையும் இன்னும் மூன்று பேரையும் ஜீப்பில் ஏற்றினார். டயரில் சாக்பீஸ் போட்டார். சிமென்ட் மலையில் இடப்பக்கம், வலப்பக்கம், ரிவர்ஸ் எல்லாம் ஆயிற்று. அடியில் புகுந்தார். 'ஆங்' வரவே இல்லை. வெளியே வந்தபோது சட்டையெல்லாம் மண். "ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். குரலில் பழைய தோரணை இல்லை. வாதத்தில் ஜெயித்தவர் முகம் அப்படி இருக்காது.

"கூட வந்து கேளுங்க" என்றார் அம்மாள்.

"சாரை அனுப்பறேனே. சாருக்கு நல்ல காது."

"சாருக்கு உங்க தொழில் தெரியுமா?"

சார் மெல்ல ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டார்.

சாக்பீஸ் கை கழுவப் போனார். பகல் வேளையில் அவர் கை கழுவி நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கே கரண்டியால் சமாளித்துக்கொள்கிறவர். வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. வந்தபோது தோளில் ஒரு துண்டு இருந்தது. நேராக ஜீப்பின் முன் இடப்பக்க ஸீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, அதை இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு கையும் எதிரே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டன.

"சார், நீங்களும் ஏறுங்க" என்றது துண்டு. "பின்னாடி எடை வேணும்."

ஜீப் கிளம்பியது. சற்று நேரம் கழித்து துண்டுக்குள்ளிருந்து கேள்வி வந்தது. "பாதி வந்துட்டமா?"

"இன்னும் தெருவே தாண்டலைங்க" என்றார் அம்மாள். குரலில் லேசாகச் சிரிப்பு இருந்தது. அன்றைக்கு முதல் சிரிப்பு அதுதான்.

ஏறும்போது ஒரு சத்தமும் வரவில்லை. அம்மாள் ஓட்டுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கல் எங்கே பெயர்ந்திருக்கிறது, மழை எங்கே அரித்திருக்கிறது என்று சக்கரத்துக்கே தெரிந்ததுபோல ஜீப் ஒதுங்கி ஒதுங்கி ஏறியது. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைக் கற்கள் நட்டிருந்தார்கள், அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. நான் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு முன் ஸீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். உயரம் ஆகாதவர்கள் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நான் வெளியே சொல்வதில்லை.

மேலே இரண்டு டவர்க்காரர்கள் ஏறிக்கொண்டார்கள். முன் ஸீட்டில் துண்டு போர்த்திய உருவத்தைப் பார்த்துவிட்டு, ஒருவர் என்னிடம் மெதுவாக, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "காது கொடுத்துக் கேட்டுக்கிட்டிருக்கார்" என்றேன்.

இறங்கும்போது பள்ளம் இடப்பக்கம் வந்தது, அதாவது சாக்பீஸ் உட்கார்ந்திருந்த பக்கம். பெரிய வளைவு வந்தது. "இப்ப பாருங்க" என்று சொல்லி அம்மாள் பிரேக்கை மிதித்தார்.

ஸ்ஸ்ச்க்.

அச்சாக அதே சத்தம். ஹெட்மாஸ்டரும் நானும் அந்த அம்மாளிடம் பாடம் படிக்க வேண்டும்.

துண்டு இறங்கியது. "இன்னொரு தடவை மிதி" என்றார் சாக்பீஸ். மிதித்தார். ஸ்ஸ்ச்க். அவர் கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தார். கண்ணாடியை இறக்கினார். பிறகு தலையை வெளியே நீட்டி, கீழே குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் அவர் பார்வைக்கு வெள்ளைக் கல்லும் வெறும் ஆகாயமும்தான் தெரிந்திருக்கும்.

"மெதுவா விட்டு, மறுபடி மிதி."

ஜீப் ஒரு முழம் உருண்டு நின்றது. ஸ்ஸ்ச்க்.

"நிறுத்தும்மா. கை பிரேக் போடு."

அவர் இறங்கிவிட்டார், பள்ளத்துப் பக்கமாகவே. மட்கார்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி, பையிலிருந்த டார்ச்சை எடுத்துச் சக்கரத்துக்குள் அடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.  அம்மாள் மறுபக்கம் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"டயர் பெரிசா இருக்கறதுனால இல்லை" என்றார் சாக்பீஸ். "புஷ் போயிருக்கு."

புஷ் என்பது சக்கர அச்சை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் ரப்பர். அது நைந்துபோனால் இறக்கத்தில் பிரேக் போடும்போது அச்சு பின்னால் நகரும், அதோடு டயரும் நகரும். சிமென்ட் மலையில் யாரும் வேகமாக இறங்கிப் பிரேக் போடுவதில்லை. அங்கே அது எந்தக் காலத்திலும் தெரியாது. தூங்கற குழந்தையைத் தாண்டுகிற மாதிரி மெதுவாக ஏற்றச் சொல்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

"அது எதுல உரசுது?" என்று அம்மாள் கேட்டார்.

 டார்ச்சை அணைத்தார், மறுபடி போட்டார். "பிரேக் ஹோஸ்ல. மேல் ரப்பர் தேஞ்சு உள்ள நூல் தெரியுது."

 பின் ஸீட்டில் இருந்த டவர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரேக் எண்ணெய் போகும் அந்தக் குழாய் அறுந்தால் பிரேக் இல்லை. பிரேக் இல்லாமல் அந்த வளைவில் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, வெள்ளைக் கற்கள் முழங்கால் உயரம்தான்.

"எத்தனை நாளா சொல்லிக்கிட்டிருக்கே?" என்றார் சாக்பீஸ்.

"மழை நின்னதுலேருந்து."

அவர் தலையை ஆட்டினார்.  அம்மாள் மஞ்சள் துணியால் அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். சாக்பீஸ் தன் சட்டைப் பையிலிருந்து கட்டுக்கம்பி எடுத்து, ஹோஸை டயருக்கு எட்டாதபடி இழுத்துக் கட்டினார். கட்டி முடித்து, ஆட்டிப் பார்த்து, இன்னொரு கட்டும் போட்டார்.

"முதல் கியர்ல இறக்கு. பிரேக் தொடாதே. தொட்டா சொல்லிட்டுத் தொடு."

டவர்க்காரர்கள் நடந்தே வருவதாகச் சொல்லி இறங்கிக்கொண்டார்கள். நானும் இறங்கியிருப்பேன். சாக்பீஸ் திரும்பி, "சார், எடை" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

கீழே வந்து சேரும் வரை அவர் தலையை உள்ளே இழுக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை வளைந்து, கட்டிய கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார். துண்டு பாதி வழியில் பறந்து பள்ளத்தில் போயிற்று.

"தலையை உள்ள இழுங்க, காத்து அடிக்குது" என்றார் அம்மாள்.

"நீ ரோட்டைப் பாரு."

மறுநாள் என் ஜீப்பை எடுக்கப் போனபோது பட்டறையில் மற்ற வேலை எதுவும் நடக்கவில்லை. என் ஜீப் பாதி வளைந்தபடியே ஒரு மூலையில் கிடந்தது. டவர்க்காரர்களை வேறு ஒரு வண்டி கொண்டுபோனதாம். அவர் அம்மாளின் ஜீப்பை ஜாக்கியில் ஏற்றி, முன்பக்கச் சக்கரங்களைக் கழற்றிப் போட்டு, எல்லாப் புஷ்ஷையும் மாற்றிக்கொண்டிருந்தார். பழைய ஹோஸ் தரையில் கிடந்தது. நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நூலும் பாதி அறுந்திருந்தது. சத்தம் போடாமல் கீழே வைத்துவிட்டேன்.

"அப்பா இருக்காரா?" என்று சமையலறை ஜன்னலில் ஒலிபெருக்கி போட்ட ஃபோன் கேட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள். "அப்பா, அம்மா பிரேக்குன்னா பிரேக்தாம்பா. சின்ன வயசுலேருந்து நான் சொல்றேன், அம்மா சொன்னா சொன்னதுதான்."

"ஆமாம்மா" என்றார் வண்டிக்கு அடியிலிருந்து. அவ்வளவு பணிவான 'ஆமாம்மா'வை நான் எதிர்பார்க்கவில்லை. பேச்சு நீளுமென்று எதிர்பார்த்த மகளும் "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

விளிம்புத் தகரத்தையும் தட்டிப் படுக்க வைத்தார். புது ஹோஸ் போட்டார், அதற்கு ஒரு பிடிப்பும் வைத்தார். வெயில் சாய்கிற நேரத்தில் சக்கரங்கள் தரையைத் தொட்டன. சிமென்ட் மலையில் ஒரு தடவை ஏற்றி இறக்கினார்கள். அடியில் புகுந்து பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்தார். அம்மாள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவர் உள்ளங்கையைத்தான் பார்த்தேன்.

தட்டவில்லை.

நீலச் சட்டைப் பையிலிருந்து புது சாக்பீஸ் எடுத்தார். முன் டயர் இரண்டுக்கும் சுற்றிலும் பூசினார். மிச்சத் துண்டைக் காதில் செருகிக்கொண்டு, சுற்றி வந்து இடப்பக்க ஸீட்டில் ஏறினார். இந்தத் தடவை துண்டு எடுத்து வரவில்லை.

"சார், இன்னிக்கு எடை வேண்டாம்" என்றார். "நாங்க போயிட்டு வரோம். முக்காலி காலியாத்தான் இருக்கு, உக்காருங்க."

அந்த முக்காலியில் அதுவரை யாரையும் அவர் உட்காரச் சொன்னதில்லை. உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எழுந்து, அதை மலையைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. எந்த கியர், எத்தனையாவது வளைவு என்று சொல்லும் திறமை எனக்கு இல்லை. மெதுவாகத் தேய்ந்து, நின்று, மறுபடி இறக்கத்தில் வேறு குரலில் கேட்டது. பெரிய வளைவில் ஜீப் வெளிப்பட்டது. பிரேக் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. இடப்பக்க ஜன்னலில் ஒரு தலை நீண்டிருந்தது. விளக்கு மறுபடி எரிந்து, ஜீப் நின்றேவிட்டது.

பள்ளத்துப் பக்கக் கதவு திறந்து நீலச் சட்டை ஒன்று இறங்கியது. வெள்ளைக் கற்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, சக்கரத்துக்குள் பார்த்தது. நிமிர்ந்தது. சட்டையிலேயே கையைத் துடைத்தது.

பிறகு அந்தக் கை முன் மட்கார்டில் இரண்டு தடவை உயர்ந்து இறங்கியது. சத்தம் கீழே வரை வரவில்லை.